பச்சை படர்ந்த வாவி

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்லும் குடும்பத்தினர் கிறகரி வாவியைக் காணாது திரும்புவதில்லை. படகேறுவர், பிள்ளைகளைக் குதிரைமேல் அமர்த்தி மகிழ்வர். கரையிலே குனிந்து நீரை அள்ளிப் பார்ப்பவரோ மிகச் சிலர். அள்ளினால், சில காலங்களில், பச்சைச் சாயம் கரைத்தாற்போன்ற நீரே கையில் தங்கும்.

இவ்வாவி இயற்கை தந்ததன்று. 1873ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில், பீதுருதாலகால மலையினின்று இறங்கும் தலகல ஓயாவை மறித்து அமைத்தனர். அந்த ஓயா நகரினூடே வருவது. ஆதலின் வடிகால்களின் கழிவையும், சரிவுகளிலுள்ள காய்கறிப் பாத்திகளின் மண்ணையும் சுமந்தே வாவியை அடைகின்றது.

கோவாவையும் கரட்டையும் லீக்சையும் கொழிக்கச் செய்யும் பசளை பாசிக்கு மட்டும் கசக்குமோ? 1973இல் கனடாவில் அறிஞர் ஓர் ஏரியின் நடுவே திரையிட்டு, இரு பக்கமும் காபனும் நைதரசனும் சேர்த்தனர். ஒரு பக்கத்தில் மட்டும் பொசுபரசும் இட்டனர். சில வாரங்களில் அப்பக்கமே பச்சையாயிற்று. மறுபக்கம் தெளிந்தே நின்றது. பொசுபரசு மண் துகளைப் பற்றிக்கொள்வது. மழை கழுவிய மண் வாவியின் அடியில் படியும். மடிந்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குன்றும். மீன்கள் மூச்சுத் திணறும். அப்பொழுது அடிச்சேற்றிலுள்ள பொசுபரசு மீண்டும் நீரிற் கலந்து புதிய பாசிக்கு உணவாகும். ஆகவே பாசியை மட்டும் வாரிக் கொட்டுவது வீண் செலவே.

கேடு வாவியோடு நிற்பதுமன்று. வழியும் நீர் நானு ஓயா வழியாகக் கொத்மலைக்கும் மகாவலிக்கும் செல்கின்றது.

மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்று இவற்றை விளக்கினேன். அவர்களுள் ஒருவனின் தந்தை தோட்டத்தில் வேலை முடித்தபின், லயத்தின் அருகே சிறு துண்டு நிலத்திற் கரட் பயிரிடுபவர். "பசளையைக் குறைத்தால் விளைச்சல் குறையுமே, ஐயா! கடனை யார் கட்டுவது?" என்றான்.

நியாயமான கேள்விதான். 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரெனத் தடை செய்தபோது மலையகம் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. அவ்வாண்டின் இறுதிக்குள் தடையைத் தளர்த்த நேர்ந்தது. ஏழை உழவனை மட்டும் குற்றவாளியாக்கி, நகரின் கழிவுநீரை மறப்பதும் நேர்மையாகாது.

எனினும் அவனுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. மலைநாட்டுக் காய்கறி நிலங்கள் பலவற்றில், ஆண்டாண்டாக இட்ட பொசுபரசு தேவைக்கு மேல் தங்கியுள்ளது. மண்ணைச் சோதியாது மேலும் இடுவது பயிருக்கன்று, பாசிக்கே செலவிடுவதாகும். கடன் வாங்கிய பணமன்றோ வாவியிற் பச்சையாய் மிதக்கின்றது!

அவன் மறுமொழி கூறவில்லை. அடுத்த வாரம் தந்தையின் பாத்தியிலிருந்து ஒரு பொட்டலம் மண்ணுடன் வந்து, "இதை எங்கே சோதிக்கலாம், ஐயா?" என்று கேட்டான்.