கடைச் சரக்கும் வீட்டுக் கணக்கும்

டெபியன் லினக்ஸ் கணினியில் தமிழ் எழுத்துரு ஒன்று வேண்டும். கறுப்புத் திரையில் ‘ஆப்ட் சர்ச் டாமில்’ என்று தட்டினால், வரும் பட்டியலில் லோகித் எழுத்துருவும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்துரு அடங்கிய பேக்கேஜின் பெயரில் ‘டாமில்’ என்ற சொல்லே கிடையாது. தமிழ் வரிவடிவத்துக்கு உலகத் தரம் வகுத்த ‘டி-ஏ-எம்-எல்’ என்ற நாலெழுத்துக் குறிதான் இருக்கிறது. டெபியனில் மென்பொருள்களைத் தேடி நிறுவும் கருவியான ஆப்ட், பெயரோடு விளக்கக் குறிப்பையும் துழாவுவதால் அகப்படுகிறது. பெயரில் மட்டும் தேடச் சொல்லியிருந்தால் நழுவியிருக்கும்.

இந்தத் தேடலுக்கு இணையம் தேவையில்லை. கிடங்கில் உள்ள சரக்குகளின் பட்டியலை ‘ஆப்ட் அப்டேட்’ முன்பே இறக்கி வைத்திருக்கும், தேடல் அதற்குள்தான். பட்டியல் பழசானால் புதுச் சரக்கு கண்ணில் படாது. அப்டேட் என்றதும் மென்பொருளே புதுசாகிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வேலை ‘அப்கிரேட்’டுடையது. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்!

கடையில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. வீட்டில் என்ன இருக்கிறது என்பது வேறு. 1999இல் வெளியான டெபியன் 2.1 பதிப்போடு வந்த ஆப்டுக்குக் கீழே, அதைவிட மூத்த டிபிகேஜி உழைக்கிறது. நிறுவியவற்றை எல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் அது குறித்து வைக்கிறது. ‘டிபிகேஜி’யோடு ஒரு சிறுகோடும் சிறிய ‘எல்’லும் சேர்த்தால் அந்தக் கணக்கு திரையில் விரியும்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்துகள். முதலாவது நாம் கேட்டது, இரண்டாவது நடந்தது. ‘ஐ-ஐ’ என்றால் கேட்டபடி நிறுவியாயிற்று. ‘ஆர்-சி’ என்றால் மென்பொருளை நீக்கியாயிற்று, அதன் அமைப்புக் கோப்புகள் மட்டும் இன்னும் தங்கியிருக்கின்றன. அவற்றையும் துடைக்க ‘பர்ஜ்’ வேண்டும்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் இதே வேலைகளுக்கு டிஎன்எஃப், ஆர்பிஎம் என்ற கருவிகள்.

நிறுவிய பிறகும் ஒரு சிக்கல் வரலாம். கோப்புகளை வண்ணத்தில் காட்டும் ‘பேட்’ என்ற கருவியை டெபியனில் நிறுவிவிட்டு ‘பேட்’ என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது கணினி. அதே பெயரில் இன்னொரு நிரல் முன்பே இருந்ததால், டெபியன் இதற்கு ‘பேட்கேட்’ என்று பெயர் மாற்றிவிட்டது. ஒரு பேக்கேஜ் எந்தெந்தக் கோப்புகளைக் கொண்டுவந்தது என்று டிபிகேஜியிடம் பெரிய ‘எல்’ போட்டுக் கேட்டால், அந்தப் புதுப் பெயர் பட்டியலில் தெரிந்துவிடும்.