கால்வாய்க் கரையில் கோழி பிடிப்பது யார்?

இரவில் கூடு பிரிக்கப்படுகின்றது, விடியும்போது இறகு மட்டுமே கிடக்கின்றது, என்ன மிருகமென்று தெரியவில்லை, இதற்கு என்ன மருந்து வைக்கலாம்? இந்தக் கேள்வியை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசிக்கும் எமது வாசகர்கள் சிலர் எம்மிடம் கேட்டிருக்கின்றனர். மருந்து என்று அவர்கள் சொல்வது நஞ்சைத்தான். கருவாட்டில் பூச்சிநாசினி தடவி வைத்தால் போதும் என்று அக்கம்பக்கத்தவர் யாரோ சொல்லியும் கொடுத்திருப்பார்கள்.

1990இலும் 1995இலும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் காணி பூமியை விட்டு வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னும் கொழும்பில்தான் வாடகை வீடுகளில் இருக்கின்றனர். வயல் இல்லை, தோட்டமில்லை. ஆனாலும் கமக்காரனின் கை சும்மா இராது. பின்வளவில் நாலு கத்தரி, ஒரு முருங்கை, ஐந்தாறு ஊர்க்கோழி. அந்தக் கோழிகள்தான் பிள்ளைகளின் முட்டை. அவசரத்துக்குக் காசும் அவைதான். ஒரே இரவில் மூன்று பேடுகள் போனால் அது சின்ன நட்டமல்ல. ஆகவே கோபம் வருவது நியாயமே. அந்தக் கோபத்தில் செய்யும் காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

காலி வீதிப் பாலத்தின் கீழாகச் சென்று கடலில் விழும் வெள்ளவத்தைக் கால்வாயும், பேரை வாவிப் பக்கமிருந்து களனி கங்கையை நோக்கிச் செல்லும் சென் செபஸ்தியன் கால்வாயும் பார்வைக்கு அழுக்குத் தண்ணீராகத் தோன்றலாம். ஆனால் இக்கால்வாய்கள் கோட்டே, பத்தரமுல்லை, தலவத்துகொட ஆகிய பகுதிகளின் சதுப்பு நிலங்களோடு தொடுத்துக் கிடப்பவை. அச்சதுப்பு நிலங்களுக்காகவே 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொழும்புக்கு 'ராம்சார் ஈரநில நகரம்' என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. உலகில் முதன்முதலாக இப்பெயரைப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. நகரத்துக்குள் ஈரநிலம் இருந்தால் ஈரநிலத்துச் சீவன்களும் இருக்கும். கால்வாய்க்கரை அவற்றுக்கு ஒரு நெடுஞ்சாலை. மனிதர் உறங்கிய பின்னர் அவை அவ்வழியே வந்து போகின்றன.

சீமையில் ஒரு கதை

ஆற்றங்கரையில் வந்து கோழி பிடிக்கும் மிருகத்தோடு பல வருடமாகப் போராடிய நாடு பிரித்தானியா. அங்கே அந்த மிருகத்தின் பெயர் மிங்க். கீரியைப் போல நீண்ட உடம்பு, கபில நிற மென்மயிர், நீந்துவதில் கெட்டிக்காரன். அதன் சொந்த ஊர் வட அமெரிக்கா. தோலாடை வியாபாரத்துக்காக 1929 அளவில் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்து கூடுகளில் வளர்த்தனர். கூட்டிலிருந்து தப்பியவை ஆறுகளில் குடியேறின. 1956இல் டெவன் பகுதியிலுள்ள ரெய்ன் ஆற்றில் அவை காட்டில் குட்டி போட்டுப் பெருகுவது உறுதியானது. பின்னர் ஆற்றோர வளைகளில் வாழும் நீர் எலி இனம் அங்கே அழிவின் விளிம்புக்கு வந்தது. மிங்க் அதற்கு ஒரு முக்கிய காரணம். கோழிக் கூடுகளும் தப்பவில்லை. டென்மார்க்கில் 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின் காரணமாகப் பண்ணை மிங்க்குகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொல்லப்பட்ட செய்தி சிலருக்கு நினைவிருக்கலாம். அதே மிருகம்தான்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது அவர்கள் அதைத் தேடிய முறையை. முன்பு ஆற்றங்கரை முழுவதும் பொறிகளை வைத்து, ஒவ்வொரு நாளும் நடந்து பார்த்தனர். பெரும்பாலான பொறிகள் வெறுமையாகவே கிடந்தன; சிலவற்றில் வேண்டாத சீவன்கள் அகப்பட்டன. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒரு சிறு உபாயம் கண்டுபிடித்தார்கள். ஒரு பலகையை நீரில் மிதக்கவிட்டு, அதன் மேல் சிறு சுரங்கம் போலக் கூரை வைத்து, உள்ளே ஈரக் களிமண் தட்டு ஒன்றை வைத்தனர். நீரோரம் போகும் மிருகம் எதுவானாலும் அந்தச் சுரங்கத்துக்குள் மூக்கை நுழைத்துப் பார்க்கும்; களிமண்ணில் காலடி பதியும். ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். மிங்க்கின் அடி பதிந்திருந்தால் மட்டுமே அவ்விடத்தில் பொறி வைப்பார்கள்.

எமது நாட்டில் மிங்க் இல்லை. அதன் இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு சீவன் இங்கே உண்டு, அது நீர்நாய். இங்கே இன்னொரு முக்கிய வித்தியாசமும் இருக்கின்றது. அங்கே மிங்க் வெளியூரிலிருந்து வந்த அழிவு. இங்கே கால்வாயில் வரும் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் இந்த மண்ணின் சொந்தக்காரர்கள், சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை. அங்கு கொன்றார்கள் என்பதற்காக நாமும் கொல்ல முடியாது. ஆனால் அந்தக் களிமண் தட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் செலவும் இல்லை.

முதலில் ஆளைப் பிடியுங்கள்

வெள்ளவத்தையில் கால்வாய்க்குப் பின்புறமாக வாடகைக்கு இருக்கும் ஒரு தாயார் எம்மிடம் சொன்னார்: "தம்பி, ஊரிலையெண்டால் வளவுக்குள்ளை வாறது கீரியோ மரநாயோ எண்டு மணத்திலையே சொல்லிப்போடுவன். இஞ்சை ஒண்டும் விளங்கேல்லை." அவர் சொன்னதில் உண்மை உண்டு. சீமெந்து நிலத்தில் அடிச்சுவடு பதியாது.

ஒரு முழ அகலமான பழைய தகரத் தட்டம் ஒன்றை எடுங்கள். அடியில் நனைத்த சாக்குத் துண்டை விரித்து, அதன்மேல் இரண்டு பங்கு களிமண்ணும் ஒரு பங்கு அரித்த மணலும் குழைத்து ஓர் அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். பெருவிரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், மண் விரலில் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். மதில் ஓட்டைக்கு அருகில், கான் ஓரத்தில், கூட்டுக்கு வரும் வழியில் வையுங்கள். மழை விழாதபடி வளைந்த கூரைத் தகரமொன்றை மேலே கவிழ்த்து விடலாம். மூன்று நான்கு இரவுகள் பொறுத்திருங்கள். களிமண்ணுக்காகக் கால்வாய்ச் சேற்றை வெறுங்கையால் அள்ள வேண்டாம். காரணம் பின்னால் வருகின்றது.

தடத்தைப் பார்ப்பது கமக்காரனுக்குப் புதிய படிப்பல்ல. நான்கு விரல், வட்டமான அடி, நகம் தெரியவில்லையென்றால் பூனை. வீட்டுப் பூனையின் அடியைவிடப் பெரிதாக, சில வேளை நக நுனியும் சேர்ந்து பதிந்திருந்தால் மீன்பிடிப் பூனையாக இருக்கலாம். அது தன் நகங்களை முழுவதும் உள்ளிழுப்பதில்லை. நான்கு விரலோடு நகமும் தெளிவாகப் பதிந்தால் நாய். ஐந்து விரலும் இடையில் சவ்வும் தெரிந்தால் நீர்நாய்; அதன் எச்சத்தில் மீன் செதிலும் நண்டு ஓடும் கிடக்கும், பாலத்தடிக் கல்லில் அடையாளமாக இட்டுவிட்டுப் போகும். மரநாயின் எச்சத்தில் பழக்கொட்டை இருக்கும். கீரிக்குச் சிறிய அடி, நீண்ட நகம். இரு பக்கமும் நகத் தடம், நடுவில் வாலை இழுத்த கோடு என்றால் உடும்பு வகை. சிங்களத்தில் கபரகொயா என்று சொல்லும் பெரிய நீர் உடும்பை வெள்ளவத்தைக் கால்வாயில் பட்டப்பகலிலேயே காணலாம். முட்டையைக் கோதும் மிஞ்சாமல் விழுங்குவது பெரும்பாலும் அதுதான், இரவில் வந்த யாரோ அல்ல.

களவு நடந்த விதமும் கதை சொல்லும். பல கோழிகளைக் கடித்துக் குதறி, தின்னாமல் போட்டுவிட்டுப் போனால் தெருநாயைச் சந்தேகியுங்கள். குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கூட்டின் மூலையில் மண் கிளறியிருந்தால் எலி அல்லது அகழான். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வடிகானோடு ஒட்டிய வீடுகளில் எமது அபிப்பிராயப்படி முதல் சந்தேகம் இவர்கள் மீதே விழவேண்டும்.

சிறுத்தைக்குட்டி என்று பயப்படாதீர்கள்

மீன்பிடிப் பூனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு பருமன், சாம்பல் நிற உடம்பில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், நெற்றியில் கோடுகள், கட்டை வால். சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பர். இருட்டில் கண்டவர்கள் சிறுத்தைக்குட்டி என்று கூக்குரலிடுவதுண்டு. ஆய்வாளர் அன்யா ரத்நாயக்கவும் அவரோடு சேர்ந்தவர்களும் கொழும்பில் இப்பூனைகளுக்குக் கழுத்துப்பட்டி பூட்டி அவை போகும் வழியை ஆராய்ந்தனர். சதுப்பு நிலத்தில் மட்டுமல்ல, கால்வாய், கான், வீட்டுத்தோட்டம் என்று நகருக்குள்ளேயே அவை நடமாடுவது தெரியவந்தது. வசதியானவர்களின் வீட்டுத் தொட்டிகளில் வளரும் விலையுயர்ந்த அலங்கார மீன்களையும் அவை விட்டு வைக்கவில்லை. ஏழையின் கோழி மட்டும்தான் போகின்றது என்று எண்ண வேண்டாம்!

அது மீனோடு எலியையும் தின்னும். எலிக்கு வைத்த நஞ்சு எலியோடு நிற்காது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனை, நாய், ஆந்தை என்று போகும். உங்கள் கோழியும் அதே நஞ்சைக் கொத்தும். தவழும் பிள்ளை இருக்கும் ஒற்றை அறை வீட்டில் நஞ்சு கலந்த தீனி எங்கே வைத்தாலும் அது பிள்ளைக்கு எட்டும் தூரம்தான்.

1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் பூனை, நீர்நாய் ஆகியவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். இடம்பெயர்ந்தவன் என்பதற்காகச் சட்டம் விலகி நிற்காது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய ஒரு சிறுத்தையை ஊரவர்கள் அடித்துக் கொன்றனர். பயத்தினால் செய்தார்கள் என்பது எமக்கு விளங்குகின்றது. ஆயினும் படத்தில் அடையாளம் காணப்பட்டவர்கள் கைதாகி நீதிமன்றப் படி ஏறினார்கள். கண்ணி வைப்பதும் அப்படியே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மலைநாட்டில் மிக அரிதாகக் காணப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் மாட்டிச் சில நாட்களில் இறந்தது. பன்றிக்கு வைக்கும் கண்ணிக்குச் சிறுத்தையைத் தெரியாது.

கூட்டைத் திருத்துதல்

வருகின்றவன் யாரென்று தெரிந்தபின் செய்ய வேண்டியதில் முக்காற் பங்கு கூட்டு வேலைதான். ஆறு மூலையுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, வெளியே நிற்பவனைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட்மெஷ் கம்பிவலை சற்று விலை கூடியது. ஆனால் ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுருள் வாங்கிப் பங்கிட்டால் சுமை குறையும். கூட்டைக் கால்களில் இரண்டரை அடி உயர்த்தி, ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் குடை போலக் கவிழ்த்துக் கட்டினால் எலியும் மரநாயும் ஏறா. நிலத்தில் வைத்த கூடாயின் வலையை வெளிப்புறமாக ஓர் அடிக்கு மடித்துப் பரப்பி அதன்மேல் கல் வையுங்கள். தோண்டுகின்றவன் வலையில் முட்டித் திரும்புவான். கொக்கி ஒன்று போதாது, இரண்டாகப் போடுங்கள். பொழுதுபட முன் அடைத்துவிட வேண்டும். மிஞ்சிய தீனியை இரவில் விடாதீர்கள், முட்டையை அன்றன்றே எடுங்கள், மீன் கழுவிய கழிவைக் கானுக்குள் ஊற்றாதீர்கள். மீன் வாடை பிடித்து எலி வரும், எலியைப் பிடிக்கப் பெரியவர் வருவார்.

எலிக்கு எலிக்கூடு வையுங்கள். தினமும் காலையில் பார்க்க வேண்டும். இரண்டு நாள் வெயிலில் எதையும் அடைத்து வைப்பது பாவம். வேறு சீவன் ஏதும் அகப்பட்டிருந்தால் கைவைக்க வேண்டாம். கூட்டின் மேல் சாக்கைப் போட்டு இருட்டாக்கிவிட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். கடித்துவிட்டால், எலியானாலும் பூனையானாலும் கீரியானாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வெள்ளவத்தையிலிருப்போருக்குக் களுபோவில, கொட்டாஞ்சேனையிலிருப்போருக்குத் தேசிய வைத்தியசாலை. விசர்நாய்த் தடுப்பூசி அங்கே இலவசம்.

கால்வாய்ச் சேறு வேண்டாம் என்றதன் காரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் அக்கிருமி இருக்கும். காலிலுள்ள சிறு வெடிப்பே அதற்கு வாசல். 2008ஆம் ஆண்டு இலங்கையில் 7000க்கு மேற்பட்டோருக்கு இக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டு, ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். வயலில் இறங்குவோருக்கு இது பழைய பகை. ஊருக்குத் திரும்பி வயல் செய்யத் தொடங்கியிருக்கும் குடும்பங்கள், விதைப்புக்கு முன்னர் தமது பகுதிச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மாத்திரை பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நொந்து, கண் சிவந்து, சிறுநீரும் குறைந்தால் வீட்டில் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வைத்தியரிடம் போய், 'சேற்றில் இறங்கினேன், எலி உள்ள இடம்' என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள்.