பொன்னம்மாள் டீச்சர் பாட வந்த மண்டபம்

செருப்பைக் கழற்றியாயிற்றா? ஆண்கள் சட்டையையும் கழற்றிவிட்டு வேட்டியோடுதான் வரவேண்டும். கைபேசியை அணைத்துவிடுங்கள். இந்த வாசலைத் தாண்டினால் பேச்சு கிடையாது, கைதட்டலும் கிடையாது. திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் இருக்கிற நவராத்திரி மண்டபத்தைத்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம். இந்த இடத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். காரணம் ஒரு கர்நாடக சங்கீதப் பாடகி. பாறசாலை பொன்னம்மாள்!

முதலில் மேலே பாருங்கள். கூரையில் மண்பானைகள் தலைகீழாகத் தொங்குகின்றன, தெரிகிறதா? எதிரொலியை அடக்கி, பாடுகிறவர் குரலைத் தெளிவாகக் கேட்க வைக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. கீழே எண்ணெய் விளக்குகளின் வெளிச்சம். கொலுவிருக்கிறாள் சரஸ்வதி. ஒன்பது நாள் கச்சேரியும் அவளுக்குத்தான். நாமெல்லாம் கூட இருந்து கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. கைதட்டக் கூடாது என்பதும் அதனால்தான்.

அவள் இங்கே வந்து சேர்கிற அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் பூஜையிடமான தேவாரக்கட்டிலிருந்து யானை மேல் புறப்படுவாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது நம்பிக்கை. கூடவே வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். ஒரு ராத்திரி குழித்துறையில், அடுத்த ராத்திரி நெய்யாற்றின்கரையில். அந்த இரண்டாம் நாள், களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற ஊர் எது தெரியுமா? பாறசாலை! நம்ம பொன்னம்மாள் 1924இல் பிறந்த அதே ஊர். வருஷா வருஷம் சரஸ்வதி அவருடைய ஊர் வழியாகத்தான் மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பாட 81 வயது ஆக வேண்டியிருந்தது. ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக அங்கே பாட ஆண்களுக்கு மட்டும்தான் இடம்.

ஏழு வயதில் பாட்டுப் படிக்க ஆரம்பித்தவர். பதினைந்து வயதில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளை ஒட்டி நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கினார். 1939இல் மகாராஜா தொடங்கிய சங்கீத அகாதமி, இன்றைய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி, அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. அங்கே முதல் மாணவியாகச் சேர்ந்தவர் இந்தப் பாறசாலைப் பெண்தான். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல்வராக இருந்த இடம், பிறகு செம்மங்குடி சீனிவாச ஐயர் பொறுப்பேற்ற இடம். அங்கே படித்து கானபூஷணம், கானப்ரவீணா என்ற இரண்டு இசைப் படிப்புகளையும் முடித்தார். காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். பிறகு தான் படித்த அகாதமியிலேயே முதல் பெண் ஆசிரியர். கடைசியில் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வர். நெய்யாற்றின்கரை வாசுதேவன், எம்.ஜி. ராதாகிருஷ்ணன், கே. ஓமனக்குட்டி ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். மலையாளக் கரையில் பாட்டு என்றால் சட்டென்று நினைவுக்கு வருகிற பெயர்கள்!

இதற்கெல்லாம் நடுவில் கல்யாணம், பிள்ளைகள், குடும்பம். திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத்து வீடு. உத்தியோகம், வானொலிக் கச்சேரி, வீடு என்று ஓடியது வாழ்க்கை. பெரிய மேடைகளைத் தேடி அவர் அலையவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பாட்டு நிற்கவில்லை, சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு மெய்சிலிர்ப்பது இங்கேதான். வகுப்பில் தினம் தினம் பாடிக் காட்டிய குரல், ஆண்டுக்கணக்கில் ஒரு நாள்கூடத் துருப்பிடிக்க விடாத குரல். மேடைதான் தாமதமாக வந்தது, பாட்டு என்றைக்கோ தயார்.

சரி, மண்டபத்துக்குள் திரும்புவோம். முதலில் முல்லமூடு பாகவதர்கள் தோடய மங்களம் பாடுவார்கள். அப்புறம் அன்றைய வித்துவான். ஒன்பது நாளுக்கும் சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. இன்ன நாளுக்கு இன்ன ராகம் என்பது மாறாது. இன்னொரு ரகசியம் சொல்லட்டுமா? மற்றக் கச்சேரிகளில், ராகத்தைத் தாளமில்லாமல் துள்ளலாக விரித்துப் பாடுகிற தானத்தின்போது மிருதங்கக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். இங்கே தானத்தோடு மிருதங்கமும் கடமும் சேர்ந்தே ஓடும்! பாடகருக்கு மூச்சு வாங்க நேரமில்லை. சங்கீதக்காரர்கள் ஆசையோடும் கொஞ்சம் பயத்தோடும் பேசுகிற சமாசாரம் இது.

2006 நவராத்திரி. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் பாடகருமான ராம வர்மா முன்கையெடுக்க, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார் பொன்னம்மாள். அடடா! அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண். பதற்றமோ பந்தாவோ இல்லாத அவருடைய நிதானமான விளம்ப காலப் பாட்டு அந்தப் பானைகளுக்குக் கீழே ஒலித்தது. கைதட்டல் இல்லாத சபையில்தான் இந்தச் சரித்திரம் நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எழுந்து நின்று தட்டத் தோன்றுகிறது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எண்பதைத் தாண்டிய பாட்டிக்கு ஊர் ஊராகக் கச்சேரி அழைப்பு! சென்னை ரசிகர்கள் இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார் என்று வியந்தார்கள். வேறெங்கே, வகுப்பறையிலும் வலியசாலையிலும்தான். 2017இல் பத்மஸ்ரீ வந்தது. என்னைக் கேட்டால் அது நாற்பது வருஷம் தாமதம். 2021 ஜூன் 22 அன்று, 96 வயதில், அதே வலியசாலை வீட்டில் காலமானார். அவர் திறந்துவிட்ட வழியில் பல பெண்கள் அந்த மண்டபத்தில் பாடிவிட்டார்கள்.

அவருடைய முதுமைக் காலப் பதிவுகள் யூடியூபில் நிறையவே கிடைக்கின்றன. இன்று ராத்திரியே ஒன்றைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வருகிற நவராத்திரிக்குத் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறுங்கள். கச்சேரி மாலை ஆறு மணிக்கு, சீக்கிரம் போய் இடம் பிடியுங்கள்.