பலேர்மோ நகரிற் பத்து நாள்

ஐரோப்பிய யாத்திரை செல்வந்தர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஓய்வூதியத்தில் வாழும் கணித ஆசிரியனாகிய நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒருகாலத்தில் என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் இத்தாலி தேசத்தின் தெற்கே, சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவிற் குடும்பத்துடன் வாழ்கிறார். அவர் பல ஆண்டுகளாக விடுத்துவந்த அழைப்பை ஏற்று, ஒரு சித்திரை மாதத்தில் அந்நகரிற் பத்து நாள் தங்கினேன். அங்கே கற்றவற்றை, முதன்முறையாக அந்நகர் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு, சிறப்பாகப் பணப்பை சிறுத்தவர்களுக்கு, இங்கே எழுதுகிறேன்.

புறப்படுமுன் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, 'செங்கன்' எனப்படும் பொது நுழைவு அனுமதி. அதற்கு விண்ணப்பிப்போர் குறைந்தது 30,000 யூரோ வரை பொறுப்பேற்கும் வைத்தியக் காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும். இச்செலவைக் கணக்கிற் சேர்க்காமல் விமானச் சீட்டின் விலையை மாத்திரம் பார்த்து மகிழ்வோர் பலர். இரண்டாவது, காலம். ஆடி, ஆவணி மாதங்களில் வெயில் கடுமை. ஆபிரிக்காவிலிருந்து வீசும் 'சிரோக்கோ' என்னும் அனற்காற்று வந்துவிட்டால் பகலில் வெளியே நடமாட முடியாது. ஆகஸ்ட் நடுப்பகுதியிலோ உள்ளூரவரே கடைகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவர். சித்திரை, வைகாசியும், புரட்டாதிக்குப் பிற்பட்ட நாள்களுமே நமக்கு ஏற்றவை. சித்திரையிலும் மாலையிற் குளிரும். ஒரு கம்பளிச் சட்டை அவசியம்.

விமான நிலையம் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு தரையில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் வண்டியும் புகையிரதமும் நகரின் மத்திய நிலையத்துக்கு வருகின்றன. வாடகை வாகனத்துக்குக் கொடுக்கும் பணத்திற் சிறு பகுதியே இவற்றுக்குப் போதும். விமான நிலையத்துக்குப் பல்கோனே, பொர்செலீனோ என்னும் இரு நீதியாளரின் பெயர் இடப்பட்டிருக்கிறது. மாபியாக் கூட்டத்தாரை நீதிமன்றில் நிறுத்திய அவ்விருவரும் 1992ஆம் ஆண்டிற் குண்டுவைத்துக் கொல்லப்பட்டனர். பல்கோனே இறந்த கபாச்சி என்னும் இடத்தில் எழுப்பப்பட்ட நினைவுத் தூணைப் பெருந்தெருவாற் செல்லும் பஸ் வண்டியிலிருந்து காணலாம். நான் பக்கத்தில் இருந்த முதியவரிடம் அதைச் சுட்டிக்காட்டியபோது, அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நகர பஸ் வண்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சீட்டைப் பெரும்பாலும் 'தபாக்கி' எனப்படும் புகையிலைக் கடைகளில் முன்கூட்டியே வாங்கவேண்டும். வாங்கினாற் போதாது, வண்டியில் ஏறியதும் அங்குள்ள சிறு இயந்திரத்தில் இட்டு முத்திரை பெறவேண்டும். முத்திரையில்லாத சீட்டு சீட்டே அன்று. இரண்டாம் நாள், புத்தம்புதிய சீட்டைச் சட்டைப் பையிற் பத்திரமாக வைத்துக்கொண்டு பெருமிதத்தோடு அமர்ந்திருந்தேன். பரிசோதகர் வந்தார். நான் சீட்டை நீட்டினேன். அவர் அதன் இரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தண்டச் சீட்டு எழுதத் தொடங்கினார். மூன்று நாட் சாப்பாட்டுச் செலவு அந்த ஒரு கணத்திற் போயிற்று. குற்றம் என்னுடையதே. நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு 'வினாவை முழுவதும் வாசியுங்கள்' என்று சொல்லி வந்தவன், சீட்டின் பின்புறத்தை வாசிக்கவில்லை.

உண்மையில் பழைய நகரைக் காண வாகனமே தேவையில்லை. மத்திய நிலையத்திலிருந்து மக்கேடா வீதியால் நேரே நடந்தால், 'நான்கு மூலைகள்' எனப் பெயர்பெற்ற நாற்சந்தி வரும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. நான்கு மூலைகளிலும் வளைந்த முகப்புகள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பருவகாலம், நடுவே ஒரு ஸ்பானிய அரசன், மேலே ஒரு புனிதை. பகலின் எந்த வேளையிலும் ஏதேனும் ஒரு முகப்பில் வெயில் விழும். இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. இன்னும் சிறிது தூரம் நடந்தால் 1897இல் திறக்கப்பட்ட மாசிமோ இசை நாடக அரங்கு. திருத்த வேலைக்கென 1974இல் மூடி 1997இலேதான் மீண்டும் திறந்தார்களாம். வேலை தாமதிப்பது நம்மூர் வழக்கம் மாத்திரமன்று என்று ஆறுதலடைந்தேன்.

நாற்சந்தியிலிருந்து மேற்கே திரும்பிச் சென்றாற் பேராலயத்தை அடையலாம். ஆலயத்தினுள் நுழையக் கட்டணமில்லை. அரசர் சமாதிகளையும் கூரையையும் காணவே பணம் கேட்பார்கள். இந்நகரின் வரலாறு முழுவதும் இவ்வாலயத்தின் தெற்கு வாயில் மண்டபத்திலுள்ள ஒரு தூணில் இருக்கிறது. 831இல் அராபியர் நகரைக் கைப்பற்றியபோது இவ்விடத்துத் தேவாலயம் பள்ளிவாசலாயிற்று. 1072இல் நோர்மானியர் வந்தபின் அது மீண்டும் தேவாலயமாயிற்று. இன்றுள்ள கட்டடம் 1185இல் எழுந்தது. ஆயினும் பழைய தூண் ஒன்றை, அதிற் பொறித்த குர்ஆன் வசனத்தோடு, வாயிலிலே நிறுத்தியிருக்கிறார்கள். வாசலாற் புகுவோர் பெரும்பாலோர் அதை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

உள்ளே தரையிற் பதித்த பித்தளைக் கோடு ஒன்று என்னை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தது. வானியலறிஞர் பியாற்சி 1801இல் அமைத்த உச்சிக்கோடு அது. மேலே சிறு குவிமாடத்திலுள்ள துளை வழியே வரும் சூரிய ஒளி நண்பகலில் அக்கோட்டைத் தொடும். பக்கத்தில் இராசிகளின் உருவங்கள் வண்ணப் பளிங்கில் இழைக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டு தை முதலாந் தேதி இந்நகரிலிருந்தே அவர் சீரிஸ் என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். அது சூரிய ஒளியில் மறைந்தபோது, மீண்டும் தோன்றும் இடத்தைக் கணித்துச் சொன்னவர் இளைஞராகிய காவுஸ். வகுப்பிற் கரும்பலகையில் எழுதிய பெயர்கள்! ஒளி கோட்டைத் தொடுவதைக் காண விரும்புவோர் பன்னிரண்டு மணிக்குச் சென்று ஏமாறவேண்டாம். கோடையிற் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தி வைப்பதால், சித்திரையில் ஒரு மணிக்குச் சில நிமிடம் கழித்தே அங்கு உச்சிப்பொழுது.

இலவசமாய்க் காண்பவற்றிலே மகிழ்ந்து, பணம் கொடுத்துக் காணவேண்டியதை விட்டுவிடும் தவற்றை நானும் செய்ய இருந்தேன். நோர்மானிய அரண்மனையிலுள்ள பலத்தீனா சிற்றாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். இரு முறை வாயில்வரை சென்று விலைப்பட்டியலைப் பார்த்துத் திரும்பினேன். எட்டாம் நாள்தான் மனம் துணிந்தது. இரண்டாம் றொஜர் மன்னன் கட்டி 1140இல் அர்ப்பணித்த அவ்வாலயத்திற் சுவரெங்கும் கிரேக்கக் கலைமரபின் பொன்மயமான ஓவியங்கள்; மேலே அராபியக் கலைஞர் மரத்திற் செதுக்கிய, தேன்கூடு போன்ற விதானம்; எழுத்துகள் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் அரபிலும். அரை மணி நேரம் கழுத்து நோவ நின்றேன். இரு முறை திரும்பிப் போனதை எண்ணி வெட்கமாயிருந்தது. உணவிலும் வாகனத்திலும் மிச்சம் பிடியுங்கள், இங்கே பிடிக்கவேண்டாம். ஞாயிறு காலையில் வழிபாடு நடைபெறும்; அரண்மனையிற் சிசிலிச் சட்டசபை கூடும் நாள்களிற் சில பகுதிகள் மூடப்படும். விசாரித்துச் செல்க. தீவின் அரசாங்கத்துக்குரிய அரும்பொருட்சாலைகளை மாதத்தின் முதல் ஞாயிறன்று இலவசமாய்க் காணலாம். அபதெல்லிஸ் மாளிகையில் உள்ள 'மரணத்தின் வெற்றி' என்னும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றுக்காகவே அந்த ஞாயிற்றை ஒதுக்கலாம்.

நடுப்பகலிற் பல தேவாலயங்களும் கடைகளும் சாத்தப்படும். அவ்வேளையில் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள மரீனாச் சதுக்கத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஓர் அத்தி இன மரம், ஆலமரம்போல் விழுதுகளை இறக்கி, ஒரு மண்டபம் போல நிற்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த இனமாம். சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்க அதைவிட நல்ல இடம் நான் காணவில்லை.

அப்பொதியில் என்ன இருக்கும்? பல்லாறோச் சந்தையில் வாங்கிய பாணும், அதனிடையே வைத்த 'பனெல்லே'யும். கடலை மாவைக் களியாகக் கிண்டி, மெல்லிய துண்டுகளாக்கிப் பொரித்தெடுப்பது. மரக்கறி உண்போர் ஐயமின்றி உண்ணலாம். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் 'கப்பொனாத்தா'வும் நம் நாவுக்கு ஏற்றது. 'அரஞ்சீனா' என்னும் சோற்றுருண்டையில் மாத்திரம் கவனம் வேண்டும். வெண்ணெய் அரஞ்சீனா என்று கேட்டு வாங்கினால், உள்ளே பெரும்பாலும் பன்றியிறைச்சித் துண்டுகள் இருக்கும். கோப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை. மேசையில் அமர்ந்தாற் பல இடங்களில் வேறு விலை. உணவகத்தில் நாற்காலியில் இருந்ததற்கே 'கொப்பேர்த்தோ' என்றொரு கட்டணம் பட்டியலில் ஏறும். அது ஏமாற்றன்று, அந்நாட்டு வழக்கம். சந்தைக்குக் காலையிற் செல்லுங்கள். மீன் விற்போர் இராகம் இழுத்துக் கூவும் ஓசையைக் கேட்கவாவது செல்லுங்கள்.

இனிச் சொல்வதைச் சொல்லத் தயங்கினேன். நம்மவர் பலர் வெளிநாடு செல்லும்போது தங்குமிடச் செலவைக் கணக்கிடுவதே இல்லை. உறவினர் வீடு இருக்கிறதே என்பர். நானும் முதல் மூன்று நாள் மாணாக்கர் வீட்டிலே தங்கினேன். இரண்டு அறைகள், நான்கு பேர். காலையில் வயோதிபர் ஒருவரைப் பராமரித்தலும், மாலையில் வீடுகளைத் துப்புரவு செய்தலும் அவர் தொழில். மணிக்கணக்கிற் கூலி. மூன்றாம் இரவு தண்ணீர் அருந்த எழுந்தபோது, அவர் சமையலறைத் தரையில் உறங்குவதைக் கண்டேன். நான் படுத்திருந்தது அவருடைய கட்டில். எனக்கு நகரைக் காட்டுவதற்காக அவர் காலை வேலைக்குப் போகவில்லை என்பதும் மறுநாட்டான் தெரிந்தது.

பல்லாறோவுக்கு அண்மையில், உயர்த்தியில்லாத நாலாம் மாடியில், மலிவான அறை ஒன்றை அமர்த்தினேன். நாளொன்றுக்கு இவ்வளவு என்று நகரசபை வரியும் தனியே கேட்டார்கள். மாணாக்கருக்குக் கோபம். "சேர், நீங்கள் விடுதியிலை தங்கினால் ஊரிலை என்னை என்ன சொல்லுவினம்?" என்றார். இரவுச் சாப்பாடு அவர் வீட்டில் என்று சமாதானம் செய்துகொண்டோம். அரிசியும் பருப்பும் மரக்கறியும் நான் வாங்கிச் செல்வது என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத பகுதி.

அவருடைய ஓய்வு நாள் ஞாயிறு. அன்று அவருடன் பெல்லெகிரீனோ மலை ஏறினேன். நகருக்கு வடக்கே ஏறத்தாழ 600 மீற்றர் உயரம்; பஸ் வண்டியும் உண்டு, கல் பாவிய பழைய நடைபாதையும் உண்டு. மேலே ஒரு குகையிற் புனித றொசாலியாவின் ஆலயம். 1624இற் பரவிய கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று போற்றப்படுபவள். குகைக் கூரையிலிருந்து கசியும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திச் செல்கின்றன. பலேர்மோவிலுள்ள நம் தமிழர், கத்தோலிக்கரும் சைவரும், ஞாயிறுதோறும் இம்மலை ஏறுகின்றனர். அன்றும் சேலை உடுத்த பெண்கள் செருப்பைக் கையிற் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். குகையினுள் மாணாக்கர் நெடுநேரம் கண்மூடி நின்றார். எதற்காக நின்றார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இறங்கும்போது என் முழங்கால் இடங்கொடாமையால் பஸ் வண்டியில் ஏறினோம். நான் இருக்கையைப் பிடித்து அமருமுன்னே அவர் என் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துச் சென்று, இயந்திரத்தில் இட்டு, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்திற் பார்த்து, திரும்பவும் என் பையிலே வைத்தார்.