குரலுக்கென்று ஒரு தடம்

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகும் போன் நம்பருக்குப் பக்கத்தில் ‘பிபி’ என்று போட்டிருப்பார்கள். போன் பத்திரிகை வைத்தவருடையது அல்ல, பக்கத்து மளிகைக் கடைக்காரருடையது என்று அர்த்தம். அழைப்பு வந்தால் கடைப் பையன் ஓடிவந்து கதவைத் தட்டுவான். ஹார்பர் வேலைக்குப் போனவர் “ராத்திரி ஷிப்டும் பார்த்துட்டு வரேன்” என்று வீட்டுக்குச் சொல்ல அதுதான் வழி.

சென்னையின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1881இல் எர்ரபாலு செட்டித் தெருவில் திறக்கப்பட்டது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடந்து கூலித் தொழிலாளியின் வீட்டுக்குள் போன் நுழைய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ற கட்டணம். ஆபரேட்டர் லைன் கொடுத்து, மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து நீட்டிக்கலாமா என்று கேட்பார். ஆபரேட்டர் இல்லாமல் நாமே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்டிடி, லக்னோ, கான்பூர் இடையே 1960இல் தொடங்கி, எண்பதுகளின் பிற்பாதியில் மஞ்சள் போர்டு பூத்துகளாகத் தெருமுனைக்கு வந்தது. மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஓட, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஏன் அவ்வளவு செலவு? அன்றைய அழைப்புக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு முழுத் தடம் ஒதுக்கப்பட்டது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகும் ஓர் அழைப்பு வினாடிக்கு 64 கிலோபிட் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பேசினாலும், பேச்சு வராமல் அழுதாலும் அந்த இடம் வேறு யாருக்கும் கிடைக்காது.

இன்றைய கதை வேறு. தண்டையார்பேட்டை மார்ஷலிங் யார்டில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது எளிதில் விளங்கும். போன் நம் குரலை வினாடிக்கு ஐம்பது துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் சேருமிடமும் வரிசை எண்ணும் ஒட்டப்படுகின்றன. வீடியோ, படம், பணப் பரிமாற்றம் என எல்லாவற்றின் துண்டுகளோடும் கலந்து போய், மறுமுனையில் மீண்டும் வரிசைக்கு வருகின்றன. குரலுக்கு வினாடிக்குச் சுமார் 13 கிலோபிட் போதும். மௌனத்தின்போது அந்த இடமும் பிறருக்குப் போகிறது.

டிரங்க் ஆபரேட்டரின் வேலையை இப்போது மென்பொருள் செய்கிறது. போன் எந்த டவரில் இருக்கிறது என்று பதிந்துகொள்வது, அழைப்பது, மணியடிக்கச் செய்வது, பேச்சு முடிந்ததும் இணைப்பை விடுவிப்பது எல்லாம் சிறு சிறு செய்திகளாக நடக்கின்றன. பிந்தி வரும் துண்டை எறிந்துவிட்டு, இடைவெளியை நிரப்பிப் பேச்சைத் தொடர வைக்கிறது. ஒருவழிப் பயணம் 150 மில்லிவினாடிக்குள் முடிந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும். அதனால் 4ஜி வலையிலேயே போகும் வோல்ட்இ (VoLTE) அழைப்புக்கு நெட்வொர்க் முன்னுரிமை தருகிறது. வாட்ஸ்அப் அழைப்புக்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. கூட்டம் கூடினால் குரல் உடைவது அதனால்தான்.

1995இல் இந்தியாவில் செல்போன் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் 2003 வரை காசு. கணினி வழியே வெளிநாட்டுக்குப் பேச 2002 ஏப்ரலில்தான் அனுமதி கிடைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ, குரலை முழுவதும் டேட்டா வலையில் ஏற்றிக் களமிறங்கியது. துபாயில் வேலை செய்யும் மகனின் முகத்தை இங்கே எழில் நகரில் இருக்கும் தாய் இன்று பார்க்க முடிகிறது. ஏழை வீட்டுக்குக் கிடைத்த பெரும் வரம் இது.

ஆனால் ஒன்றை இழந்தோம். அன்றைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே கம்பியில் வந்தது. தெருவே இருண்டாலும் போன் பேசும். இன்று டவருக்கும் மின்சாரம் வேண்டும், கையிலிருக்கும் போனுக்கும் சார்ஜ் வேண்டும். 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம் என இரண்டு புயல்களிலும் கரண்ட் போனதோடு சிக்னலும் போய் நகரம் தவித்தது. மிக்ஜாமில் வடசென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. படகும் மருந்தும் கேட்க வேண்டிய நேரத்தில் குரல் வெளியே போகவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. தாழ்வான பகுதிகளின் டவர்களில் பேட்டரியையும் ஜெனரேட்டரையும் வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றி வைக்கலாம். பேரிடரின்போது ஒரு நிறுவனத்தின் டவர் விழுந்தால் அதன் வாடிக்கையாளர் இன்னொன்றின் டவரில் பேச விடும் ஏற்பாடு நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. அதைப் புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். மழை முகாமாகும் ஒவ்வொரு பள்ளியிலும் போன் சார்ஜ் போட ஏற்பாடு வேண்டும். மலிவாகப் பேசும் உரிமையைக் கொருக்குப்பேட்டை தாமதமாகத்தான் பெற்றது. ஆபத்தில் பேசும் உரிமைக்கும் அதே அளவு காத்திருக்கச் சொல்வது அநியாயம்.