பிப்ரவரி 30-ம் தேதி சம்பளம் உண்டா?

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். வவுச்சர்களைப் பார்த்து நோட்டில் ஏற்றுகிற வேலை. ஒரு மார்ச் மாத ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் ஒரு வவுச்சருக்கு '30.2' என்று தேதி போட்டுத் தொலைத்தேன்.

ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொண்டு, "பிப்ரவரி முப்பது எந்த ஊர்லப்பா வருது? சொன்னா நானும் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார். ஆபீஸே சிரித்தது. டீ கொண்டுவந்த பையன் உட்பட!

அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். ஸ்வீடன், சார்! வருஷம் 1712.

எல்லாவற்றுக்கும் காரணம் வெறும் 11 நிமிஷம்தான்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 45-ல் கொண்டுவந்த காலண்டரில் வருஷத்துக்கு 365 நாள், 6 மணி நேரம். நிஜ வருஷம் அதைவிட சுமார் 11 நிமிஷம் குறைச்சல். பதினொரு நிமிஷம்தானே என்று விட்டால், 128 வருஷத்தில் ஒரு முழு நாள் சேர்ந்துவிடும். வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும்!

16-ம் நூற்றாண்டில் கணக்கு 10 நாள் உதைத்தது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் மார்ச் 21-க்குப் பதிலாக மார்ச் 11-லேயே வந்து நின்றது. ஈஸ்டர் தேதி குறிப்பது அதை வைத்துத்தான். போப் 13-ம் கிரகரி ஒரே போடாகப் போட்டார். 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை ராத்திரி இத்தாலியில் படுத்தவர்கள் கண் விழித்தது அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை! நடுவில் பத்து தேதி அம்பேல். கிழமை மட்டும் ஒழுங்காக வந்தது. இனிமேல் உதைக்காமல் இருக்க 1700, 1800, 1900 போன்ற வருஷங்களுக்கு லீப் நாளும் 'கட்'.

ஸ்வீடன்காரர்கள் நம்மைப் போல. மொத்தமாகக் கட்ட மனசில்லாமல் தவணை முறைக்குப் போனார்கள். 1700-லிருந்து 40 வருஷத்துக்கு லீப் நாட்களை ஒவ்வொன்றாக விட்டுவிடுவது என்று திட்டம். 1700-ல் முதல் தவணை கட்டியாயிற்று. அப்புறம் யுத்தம் வந்தது. 1704, 1708 இரண்டு தவணையும் பாக்கி! பழைய காலண்டரோடும் ஒட்டாமல், புதுக் காலண்டரோடும் ஒட்டாமல் நாடே நடுவில் தொங்கியது. வெறுத்துப்போன மன்னர் 12-ம் சார்லஸ் பழையதற்கே திரும்பிவிட்டார். கட்டிய அந்த ஒரு நாள் தவணையைத் திருப்பி வரவு வைக்க வேண்டாமா? 1712-ல் பிப்ரவரி 29-க்கு அடுத்து இன்னொரு நாளைச் சேர்த்தார்கள். அதுதான் பிப்ரவரி 30.

இங்கிலாந்து 1752-ல்தான் வழிக்கு வந்தது. அதற்குள் பாக்கி 11 நாளாகிவிட்டது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. 'எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு' என்று ஜனங்கள் கலவரம் செய்ததாக ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது. ஓவியர் ஹோகார்த் வரைந்த ஒரு தேர்தல் கேலிப் படத்தில் அந்த கோஷம் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை நிஜமென்று நம்பிவிட்டார்கள்.

ஆனால் 19 நாள் மட்டுமே உள்ள செப்டம்பரில் முழு மாத வாடகை கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அந்தச் சட்டத்தை எழுதியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாடகை, கடன் கெடுவெல்லாம் நிஜ நாட்களை எண்ணித்தான் வரும் என்று எழுதி வைத்தார்கள். செப்டம்பர் 29-ல் தர வேண்டிய பணத்தை அக்டோபர் 10-ல் தந்தால் போதும். கணக்கு முடிக்கிற நாளாக இருந்த மார்ச் 25-ம் இப்படியே தள்ளிப் போயிற்று. பிரிட்டனில் தனிநபர் வரி ஆண்டு இன்றைக்கும் ஏப்ரல் 6-ல் பிறப்பது அந்தப் பழைய 11 நாளின் எச்சம்தான்!

நம் ஊர்க் கணக்கும் நகர்ந்ததுதான். 1867 வரை இந்தியாவின் நிதியாண்டு மே 1-ல் பிறந்தது. பிரிட்டிஷ் அரசின் கணக்கோடு ஒத்துப்போக ஏப்ரல் 1-க்கு மாற்றினார்கள். மார்ச் ராத்திரிகளில் நாம் கண் விழிப்பது அதனால்தான்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். பசிபிக் கடலில் இருக்கும் சமோவா தீவு, வியாபாரத்துக்காக ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தோடு ஒரே தேதியில் இருக்க ஆசைப்பட்டு, சர்வதேச தேதிக் கோட்டின் இந்தப் பக்கம் தாவியது. 2011 டிசம்பர் 29, வியாழனுக்கு அடுத்த நாள் டிசம்பர் 31, சனி. வெள்ளிக்கிழமையே கிடையாது! ஆனால் அந்த வராத வெள்ளிக்கிழமைக்கும் ஊழியர்களுக்குச் சம்பளம் தரச் சொல்லிவிட்டது அரசாங்கம். எனக்குப் பிடித்தது இதுதான். தேதி மனுஷன் போட்ட கணக்கு. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தும்போது கூலிக்காரன் வயிற்றில் அடிக்காமல் இருந்தால் சரி.

என்னுடைய பழைய ஆடிட்டர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை: சார், ஊர் பேரைச் சொல்லிவிட்டேன். போய்ப் பார்ப்பது இனி உங்கள் பாடு!