மூளையைத் தட்டும் காயில்

நம் லேபில் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. அதே விதியை வைத்து மனித மூளையைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரத்தைத் தலைமேல் பிடித்த செப்புக் காயிலில் திடீரென்று விடுவார்கள். ஆயிரக்கணக்கான ஆம்பியர், ஆனால் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம்தான். காயில்தான் பிரைமரி, மூளை செகண்டரி! டி.சி. கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாதல்லவா? அதுபோல சும்மா ஒரு காந்தத்தைத் தலையில் வைத்தால் ஒன்றும் ஆகாது. காந்தப்புலம் சட்டென்று மாற வேண்டும். மண்டை ஓடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. அதனால் பெரிய வலியும் கிடையாது.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் எங்க தாத்தா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் எங்க ஊர். ஒருநாள் காலையில் அவருக்கு வாய் ஒரு பக்கமா கோணிடுச்சு. "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று மந்திரித்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்கு இறக்கினோம். டாக்டர் முதலில் சொன்னது, "பெரியவரே, நெற்றியைச் சுருக்குங்க." சுருங்கியது. டாக்டர் முகம் மாறிவிட்டது.

ஏன்? நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. வாய்ப்பக்கத் தசைக்கு பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்துதான். நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் பொதுவாக முக நரம்புக் கோளாறு. நெற்றி நன்றாயிருந்து வாய் மட்டும் கோணினால் மூளையில் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்குழாய் அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி இருக்கிறதாம். நாங்கள் இரண்டு நாள் கழித்துப் போனோம். (நெற்றியைப் பார்த்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. வாய் கோணினால் உடனே ஆஸ்பத்திரிதான்.)

இந்த உத்தரவு வரும் பாதையைத்தான் காயில் அளக்கிறது. கன்னத்தில் எலெக்ட்ரோடு ஒட்டி, தலையின் பக்கவாட்டில் தட்டுவார்கள். ஒரு சிக்கல் உண்டு: முக நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் நேரடியாகத் துள்ளிவிடும். ஆனால் நரம்பின் பதில் சில மில்லி செகண்டில் வந்துவிடும், மூளையின் பதில் சுமார் 10 மில்லி செகண்டில் வரும். நேரத்தை வைத்தே பிரித்துவிடுகிறார்கள்!

கழுத்து இன்னும் வேடிக்கை. கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள், வலக்கழுத்தில் கயிறு மாதிரி ஒரு தசை புடைக்கும். அப்படியென்றால் அதற்கு உத்தரவு எந்தப் பக்க மூளையிலிருந்து? மூளையின் ஒரு பக்கத்தைத் தட்டினாலும் இரு பக்கக் கழுத்தும் பதில் சொல்வதைக் கண்டிருக்கிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்தக் கருவி இருக்கிறது. மனநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவரையும் தலைக்குள் உலோகம் உள்ளவரையும் மட்டும் பொதுவாக அதன் கீழ் உட்கார விடமாட்டார்கள். காரணம், நம் லேப் வாத்தியார் வாட்சைக் கழற்றச் சொல்கிற அதே காரணம்தான்.